துண்டு துண்டாக வரும் தொடர்: விஸ்காம் புராஜெக்ட் செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொடைக்கானல் மலையில், பூம்பாறைக்கு மேலே, மன்னவனூர் போகும் வழியில் எங்கள் ஊர். படித்தது மதுரையில், விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்). கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு நான் எழுதிக்கொண்டு போன தலைப்பு ‘பதின்பருவத் தொலைக்காட்சித் தொடர்களும் சமூக ஊடகமும்: ஓர் ஆய்வு’. கைடு ஒரு தரம் படித்துவிட்டு, “இது தலைப்பு இல்லம்மா, லைப்ரரி அலமாரிக்கு ஒட்டுற பேரு” என்றார்.

கோபம் வந்தது. அதோடுதான் லீவுக்கு ஊருக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பிளஸ் ஒன் பிள்ளையிடம் என்ன சீரியல் பார்க்கிறாய் என்று கேட்டேன்.

“சீரியல்லாம் பாக்குறதில்லக்கா.”

“ஸ்கூல் கதையா வருதே, அது?”

“அது தெரியும். அவன் அவளை விட்டுட்டுப் போயிருவான்ல? ஸ்டேட்டஸ்ல வந்துச்சு.”

ஒரு எபிசோடுகூடப் பார்க்காதவளுக்குக் கதை தெரிகிறது, யார் யாரை ஏமாற்றினார்கள் என்று தெரிகிறது, யார் பக்கம் நியாயம் என்று சண்டை போடவும் தெரிகிறது. ஆறு மாதம் இந்த ஒரு விஷயத்தின் பின்னால்தான் அலைந்தேன். அடுத்து இதே பக்கம் வரும் தம்பி, தங்கைகள் நான் விழுந்த பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

‘சமூக ஊடகம் மாணவர்களைக் கெடுக்கிறதா?’ என்பதைப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடுங்கள். ஆய்வுக்கு வேண்டியது, ஒரு ஊரில் ஒரு மாதம் உட்கார்ந்தால் பதில் கிடைக்கும் அளவுக்குச் சின்னதான கேள்வி. என்னுடையது கடைசியில் இப்படி வந்து நின்றது: வீட்டில் ஒரே டிவி, ரிமோட் அப்பத்தா கையில். அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிளஸ் ஒன் பிள்ளையிடம் ஒரு பள்ளித் தொடர் எந்த வழியாக வந்து சேர்கிறது? வரும் வழியில் என்ன ஆகிறது?

உங்கள் கேள்வியில் ஊர் இருக்கிறதா, வயது இருக்கிறதா, போன் யாருடையது என்பது இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது இன்னும் அலமாரிப் பேர்தான்.

படி 2: முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தொடரும் இணையமும் கைகோத்தது இப்போது வந்த கதை இல்லை. அமெரிக்காவில் 1998 முதல் 2003 வரை ஓடிய ‘டாசன்ஸ் கிரீக்’ தொடருக்கு, கதாநாயகனின் கணினித் திரையைப் போலவே ஒரு இணையதளம் செய்தார்கள். உள்ளே போய் அவனுக்கு வந்த மின்னஞ்சல்களைப் படிக்கலாம். எபிசோடு முடிந்த பிறகும் அவன் உயிரோடு இருக்கிறான் என்ற மயக்கம் அது.

இந்த மயக்கத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது நார்வேயின் அரசு ஒளிபரப்பு நிறுவனம் 2015 முதல் 2017 வரை நடத்திய ‘ஸ்காம்’. உருவாக்கியவர் யூலி ஆண்டெம். நேரம் ஒதுக்கிப் படிக்க வேண்டிய தொடர் இது. காட்சிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, கதையில் அது நடக்கும் நாளிலேயே, நடக்கும் நேரத்திலேயே இணையத்தில் ஏற்றினார்கள். கதையில் வெள்ளிக்கிழமை இரவு விருந்து என்றால், பார்ப்பவருக்கும் அது வெள்ளிக்கிழமை இரவில்தான் வரும். நடுவில் பாத்திரங்களின் சாட், இன்ஸ்டாகிராம் படங்கள் வேறு. வார முடிவில் எல்லாத் துண்டுகளையும் கோத்து ஒரே எபிசோடாகப் போட்டார்கள். நார்வேயின் 16 வயதுப் பெண்பிள்ளைகளைத்தான் மனதில் வைத்துச் செய்தார்கள். கதை எழுதும் முன் அந்த வயதுப் பிள்ளைகளோடு நாடு முழுக்கப் பேசினார்கள். பிறகு பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி என்று பல நாடுகள் அதை மறுபடி எடுத்தன. அமெரிக்கப் பதிப்பு 2018-ல் பேஸ்புக்கின் வீடியோ பகுதியிலேயே வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஸ்காமில் துண்டு போட்டவர்கள் தயாரித்தவர்களே. நம் பக்கத்தில் பெரும்பாலும் காட்சியை வெட்டி ஸ்டேட்டஸுக்குத் துண்டு போடுவது ரசிகர். இந்த வித்தியாசத்தை என் முதல் வரைவில் நான் பார்க்கவே இல்லை. கைடு சிவப்பு மையில் வட்டம் போட்ட பிறகுதான் உறைத்தது.

தமிழுக்கு வந்தால் ‘கனா காணும் காலங்கள்’ உங்களுக்குக் கிடைத்த வரம். 2006-ல் விஜய் டிவியில் அந்தப் பேரில் ஒரு பள்ளித் தொடர் தொடங்கியது. 2022-ல் அதே பேர் ஹாட்ஸ்டாரில் புதுப் பிள்ளைகளோடு வந்தது. பேர் ஒன்று, காலம் இரண்டு. நடுவில் நடந்தவற்றை ஒரு கோட்டில் எழுதிப் பாருங்கள்: 2016 செப்டம்பரில் ஜியோ, 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை, அடுத்த மாதமே இந்தியாவில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ். இந்தக் கோட்டை வரையாமல் ஒப்பீட்டில் இறங்கினால், தலைமுறை கெட்டுப்போய்விட்டது என்ற பழைய புலம்பல்தான் மிஞ்சும்.

2006-ல் பள்ளிக்கூடம் போன ஒருவரைக் கண்டிப்பாகப் பிடியுங்கள். எனக்குச் சித்தி கிடைத்தார். அப்போதெல்லாம் மழைக்காலத்தில் எங்கள் ஊரில் கரண்ட் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று சொல்ல முடியாதாம். பாதி நாள் தொடர் பார்க்க முடியாது. கொடைக்கானல் நாயுடுபுரத்திலிருந்து படிக்க வந்த ஒரு தோழி, மறுநாள் இடைவேளையில் முந்தின நாள் காட்சியை அப்படியே நடித்துக் காட்டுவாராம். டீச்சர் பாத்திரத்துக்கு ஒரு குரல், பையனுக்கு ஒரு குரல். “அவ நடிச்சதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. டிவில பாத்தது மறந்துபோச்சு” என்றார் சித்தி. துண்டு போடுகிற வேலையை அன்றைக்கு ஒரு சிநேகிதி செய்திருக்கிறார். என் ஆய்வேட்டில் எனக்குப் பிடித்த பக்கம் இதுதான். கேள்வித்தாளில் இருந்து வராதது என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

படி 3: கோட்பாடு இரண்டு போதும்

ஐந்தாறு கோட்பாடுகளை அடுக்கினால் மதிப்பெண் கூடும் என்று சீனியர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

எனக்கு உதவியவை இரண்டு. 1956-ல் ஹார்ட்டன், வோல் என்ற இருவர் எழுதியது ஒன்று. திரையில் வருபவரை நமக்கு நேரில் தெரிந்தவர்போல நினைக்கும் ஒருவழி நெருக்கத்தைப் பற்றியது. பிளஸ் ஒன் பிள்ளை “அவன்” என்று ஒருமையில் கோபப்பட்டாளே, அதுதான். இன்னொன்று பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-ல் முன்வைத்தது. எடுத்தவர் ஒன்றைச் சொல்வார். பார்ப்பவர் அதைச் சொன்னபடியே ஏற்கலாம், பேரம் பேசி ஏற்கலாம், எதிர்த்தும் வாசிக்கலாம்.

ஹாலைப் படித்தபோது தூக்கம்தான் வந்தது. ஒரு பையன் பள்ளித் தொடர்க் காட்சியைப் பார்த்து, “இந்த ஸ்கூல்ல ஒருத்தன்கூட ஸ்வெட்டர் போடலியேக்கா, இது எந்த ஊரு?” என்று கேட்டபோதுதான் அவர் விளங்கினார். அவன் காதலை ஏற்றுக்கொண்டான், ஊரை ஏற்றுக்கொள்ளவில்லை. கோட்பாட்டுக்குத் தனி அத்தியாயம் போடாமல், இப்படி ஒரு வாக்கியம் வரும் இடத்தில் வையுங்கள்.

படி 4: அனுமதி

சலிப்பான வேலைதான், ஆனால் தாண்டிப் போகக் கூடாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் வைக்கிறது. பெற்றோர் கையெழுத்து வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டும் பிள்ளை முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள். ஒப்புதல் படிவத்தை ஒரே பக்கத்தில், தமிழில் எழுதுங்கள். கொடுத்துவிட்டு நிற்காமல் வாசித்தே காட்டுங்கள்.

பேரை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்து ஊர்களில் அது செல்லாது. ‘அறிவியல் பிரிவில் படிக்கும், அப்பா ஜீப் ஓட்டும், அண்ணன் திருப்பூரில் இருக்கும் பெண்’ என்று எழுதினால் கடைசி பஸ்ஸில் வரும் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும். அதனால் ஒருவரின் விவரங்களில் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டேன். ஸ்கிரீன்ஷாட் எதையும் ஏட்டில் ஒட்டவில்லை, வரைந்து காட்டினேன்.

இன்னொன்று: 16 வயதுப் பிள்ளை மாதிரி போலிக் கணக்கு தொடங்கி உள்ளே நுழையலாமே என்று ஒரு நண்பன் யோசனை சொன்னான். அது ஆய்வு இல்லை, திருட்டுத்தனம். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் காட்டுவதைப் பாருங்கள். பேச்சுவாக்கில் ஒரு பிள்ளை மிரட்டலையோ, தாங்க முடியாத மனக்கஷ்டத்தையோ சொன்னால் குறிப்பேட்டை மூடிவிடுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 14416 மனநல உதவி எண். இரண்டையும் ஒப்புதல் படிவத்தின் அடியிலேயே அச்சிட்டிருந்தேன்.

படி 5: எப்போது போவது

ஏப்ரல், மே வேண்டாம். சீசன். பிரையண்ட் பூங்கா மலர்க்கண்காட்சி முடியும்வரை வீட்டில் ஆளே இருக்க மாட்டார்கள். ஜீப், ரூம், கடை என்று ஓடிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகளும் கூடவே. மார்ச்சில் பொதுத்தேர்வு. ஆகஸ்ட், செப்டம்பர் தோதானது. மழை இருக்கும், ஆனால் எல்லோரும் அடுப்படியில் இருப்பார்கள்.

படி 6: போனுக்கு ஒரு நாட்குறிப்பு

முதலில் நான் செய்தது கூகுள் படிவம். ஒரு பள்ளியில் ஆசிரியர் ஒருவரின் தயவில் இணைப்பை அனுப்பினேன். ஒரே நாளில் பதினேழு படிவம் வந்ததும் துள்ளிக் குதித்தேன். நேரத்தைப் பார்த்தால் எல்லாம் இருபது நிமிடத்துக்குள் வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே எழுத்துப்பிழை. நெட் கிடைத்த ஒருவன் வகுப்புக்கே சேர்த்து நிரப்பியிருக்கிறான். உதவி செய்ததாகத்தான் அவன் நினைப்பு. அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ‘உங்களிடம் எந்த போன் உள்ளது?’ என்று நான் கேட்டிருந்தேன். பாதிப் பேருக்கு ‘உங்களிடம்’ என்ற சொல்லே பொருந்தாது.

அதன் பிறகு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனுக்கு நாட்குறிப்பு போட்டேன். ஒரு வீட்டில் ஒரு நாள், என் நோட்டில் உள்ளபடியே:

மாலை 5.30: போன் அப்பாவிடம், குணா குகைப் பக்கம் ஜீப்பில். வீட்டில் டிவி, அப்பத்தா பார்க்கிறார்.
7.15: அப்பா வந்தார். சார்ஜ் 9. அடுப்படியில் பிளக்கில் போட்டார்கள். மேலே பூண்டுக் கட்டு தொங்குகிறது, யாரும் போனைத் தொடவில்லை.
7.50: தங்கை எடுத்தாள், கார்ட்டூன். சண்டை.
8.20: பிளஸ் ஒன் பிள்ளை கைக்கு வந்தது. வாசல் படிக்குப் போனாள், அங்கேதான் சிக்னல். ஸ்டேட்டஸ் மட்டும் பார்க்கிறாள், விரல் நிற்கவே இல்லை. ஒன்றில் நின்றது. மூன்று தரம் பார்த்தாள். சத்தம் வைக்கவில்லை.
8.34: டேட்டா முடிந்தது. சிரித்தாள்.

ஒரு நாளில் பதினான்கு நிமிடம். அரை மணிக்கு மேல் ஓடும் எபிசோடு இந்தப் பதினான்கு நிமிடத்துக்குள் எப்படிப் போகும்? துண்டாகத்தான் போகும். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை’ என்று எழுத இருந்த ஒரு முழுப் பத்தியை அன்றைக்கே அடித்தேன். பொறுமை பிரச்சினை இல்லை. போன் ஒன்று, சார்ஜ் ஒன்பது.

இப்படி ஐந்தாறு வீடுகளில், ஒவ்வொன்றிலும் மூன்று மாலை உட்காருங்கள். கையில் வேலை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பீன்ஸ் கிள்ளினேன். சும்மா உட்கார்ந்து எழுதுகிறவரைப் பார்த்தால் வீடே விறைத்துக்கொள்ளும்.

படி 7: துண்டைப் பிரித்துப் பார்ப்பது

புராஜெக்டின் முதுகெலும்பு இதுதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதனால் பார்த்த அன்றே குறிப்பு எழுதிவிட வேண்டும். எத்தனை நொடி, யார் ஏற்றியது, சேனலே போட்டதா ரசிகர் வெட்டியதா, என்ன பாட்டு ஒட்டியிருக்கிறது, மேலே என்ன வரி எழுதியிருக்கிறது, அவளுக்கு யார் அனுப்பியது, அவள் யாருக்கு அனுப்பினாள். பிறகு முழு எபிசோடைத் தேடி எடுத்து, அந்தத் துண்டுக்கு முன்னால் இரண்டு நிமிடமும் பின்னால் இரண்டு நிமிடமும் பாருங்கள். எது போனது என்பது அப்போதுதான் தெரியும்.

வாசல் படியில் அவள் மூன்று தரம் பார்த்த துண்டு 22 நொடி. பள்ளி கேட்டில் ஒரு பையன் காத்திருக்கிறான், மழை, பழைய சோகப் பாட்டு ஒன்று. மேலே ‘சிலருக்காகக் காத்திருக்கலாம்’ என்று ஒரு வரி. எபிசோடில் தேடினால், அதே காட்சியில் அவனுக்குப் பக்கத்தில் நண்பன் நிற்கிறான். “நேத்து நீ பேசுனது தப்புடா, மன்னிப்பு கேளு” என்கிறான். இவன் தலையைக் குனிகிறான். துண்டில் நண்பனும் இல்லை, தப்பும் இல்லை.

நண்பன் எங்கே போனான்? இதைக் கணக்கால் விளக்கலாம். டிவிக்கு எடுத்த படத்தின் சட்டம் (பிரேம்) 16-க்கு 9, அதாவது 1920 புள்ளி (பிக்சல்) அகலம், 1080 உயரம். நிமிர்த்திப் பிடித்த போனின் திரை முழுக்க நிற்க 9-க்கு 16 வேண்டும். உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு வெட்டினால் 1920 புள்ளி அகலத்தில் 608-தான் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு பேர் நிற்கும் சட்டத்தில் ஒருவர்தான் பிழைப்பார். பையன் நடுவில், நண்பன் ஓரத்தில். வெட்டியவர் கெட்ட எண்ணத்தோடு வெட்டினார் என்று சொல்ல முடியாது. போனின் அகலமே நண்பனைத் தள்ளிவிட்டது. வசனத்தை எடுத்துவிட்டுப் பாட்டை ஒட்டியதுதான் அவர் எடுத்த முடிவு.

தப்பு செய்தவன், துண்டில் காத்திருக்கும் காதலன் ஆகிவிட்டான். அவளிடம் முழுக் காட்சியையும் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இது நல்லா இல்லக்கா. அதுல பாட்டு இருந்துச்சு” என்றாள்.

எபிசோடைத் திருத்தலாம், துண்டைத் திருத்த முடியாது என்பதற்கும் ஒரு உதாரணம் வைத்துக்கொள்ளுங்கள். 2017-ல் வந்த ‘தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்’ தொடரின் முதல் பருவத்திலிருந்து ஒரு காட்சியை 2019 ஜூலையில் நெட்பிளிக்ஸ் நீக்கியது. இளம் பார்வையாளர்களைப் பற்றிய கவலைதான் காரணம். எபிசோடு அவர்கள் கையில் இருந்ததால் நீக்க முடிந்தது. கைமாறிப் போன துண்டை யார் போய் வாங்கி வருவது?

படி 8: பேட்டி

“இது உன் படிப்பைப் பாதிக்குதா?” என்று கேட்டால், “ஆமாக்கா, கண் கெட்டுப்போகும், நேரம் வீணாகும்” என்று கட்டுரை நோட்டிலிருந்து பதில் வரும். கருத்தைக் கேட்காமல் செயலைக் கேளுங்கள்.

“கடைசியா இதை யாருக்கு அனுப்புன?”

“அவளுக்கு.”

“ஏன் அவளுக்கு மட்டும்?”

“அவளுக்கும் எனக்கும் சண்டை. நேர்ல பேச முடியாதுல்ல.”

துண்டு கடிதமாகப் போயிருக்கிறது. ‘பொழுதுபோக்கு’ என்று நான் கட்டம் போட்டு வைத்திருந்த இடத்தில் இது அடங்கவே இல்லை.

ரெக்கார்டரை அடுப்படியில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வைத்தால் காற்றுச் சத்தம்தான் பதிவாகும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள். ‘செம’ என்று அவள் சொன்னதை ‘மிகச் சிறப்பு’ என்று மாற்றினால் அது உங்கள் பேட்டி, அவளுடையது இல்லை.

படி 9: ஒத்துவராத ஆளை வெளியே தள்ளாதீர்கள்

எல்லாம் கச்சிதமாக வந்துகொண்டிருந்தபோது ஒரு பையன் வந்து சேர்ந்தான். தினமும் முழு எபிசோடும் பார்க்கிறான், அதுவும் அப்பத்தாவோடு. அப்பத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. திரையில் யார் என்ன செய்கிறார்கள் என்று இவன் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டேட்டஸில் துண்டு வந்தால், “இதுக்கு முன்னாடி அவன் என்ன பண்ணான்னு தெரியுமா?” என்று கூட்டாளிகளிடம் சண்டைக்குப் போவான்.

என் வாதத்தைப் பாதி உடைக்கிறவன். விட்டுவிடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். வைத்துக்கொண்டேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர் கேட்ட ஐந்து கேள்வியில் மூன்று இவனைப் பற்றி.

வகைப்படுத்த மென்பொருள் தேவையில்லை. பேட்டித் தாள்களை வெட்டிப் பாயில் பரப்பினேன். ‘எப்படி வந்தது’, ‘என்ன போனது’, ‘யாருக்குப் போனது’ என்று மூன்று குவியல். எதிலும் சேராத தாள்கள் நான்காவதாகச் சேர்ந்தன. நிறைய நேரம் அங்கேதான் செலவாகும், ஆகட்டும்.

படி 10: எழுதுவதும் திருப்பிக் கொடுப்பதும்

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் உலகமயமாக்கல் வேண்டாம், வாசல் படி வரட்டும். பைண்டிங்குக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். கடைசி நாளில் பெரியகுளம் போய்ச் செய்துகொள்ளலாம் என்று இருந்தால், அன்றைக்குத்தான் மலைப்பாதையில் மரம் விழும்.

பேசிய ஒவ்வொருவரிடமும் அவரவர் பகுதியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்ன வரியை எடுத்துவிடுங்கள். மூன்று வரி எடுத்தேன், அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் பக்கத்தைப் படித்துவிட்டு, “நான் இப்பிடியாக்கா பேசுறேன்?” என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு அப்பாவின் போனை வாங்கி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தாள். ராத்திரி என் போனில் அவள் ஸ்டேட்டஸ் வந்தது. நான் எழுதியதெல்லாம் வெட்டிப்போய், அவள் சொன்ன ஒரு வரி மட்டும் நடுவில் நின்றது. பின்னால் பாட்டு.